உதடு திறந்த பிறகு

‘பாம்பு’ என்று சொல்லும்போது மூன்று உதட்டொலிகள் பிறக்கின்றன. நடுவில் வருவது மகர ஒற்று. முன்னும் பின்னும் வருவது பகரம். எழுத்தில் இரண்டு பகரமும் ஒன்றுதான், ஆனால் காதில் விழுவது ஒன்றல்ல. முதல் பகரத்துக்காக உதடு மூடியிருக்கும்வரை குரல்வளை அமைதியாக இருக்கிறது. இரண்டாவதில், மகர ஒற்றில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நிற்காமல் தொடர்ந்து உகரத்தில் போய்ச் சேர்கிறது. மொழியியலார் முன்னதை ஒலிப்பிலா ஒலி என்றும் பின்னதை ஒலிப்புடை ஒலி என்றும் அழைக்கிறார்கள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் தனி வடிவம் இல்லாததால், இந்த அத்தியாயத்தில் முன்னதை ‘பல்’ பகரம் என்றும் பின்னதைக் ‘கம்பு’ பகரம் என்றும் குறிப்பிடுகிறேன். மற்ற வல்லினங்களும் இப்படித்தான். ‘கல்’லில் வருவது ஒரு ககரம், ‘சங்கு’வில் வருவது வேறொரு ககரம்.

தமிழில் எது எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வு இல்லை. மெல்லெழுத்தை அடுத்து வந்தால் அதிர்வு உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் ஒலி நெகிழ்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் இந்த ஒழுங்கை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். தானாக நடந்துவிடுகிற ஒன்றுக்கு எழுத்து எதற்கு என்று தமிழ் எழுத்துமுறை விட்டுவிட்டது நியாயமான சிக்கனம்தான். கடன்சொற்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. கடைக்குப் போய் வாங்கும் பாலும், பையன்கள் தெருவில் எறியும் பாலும் தாளில் ஒன்று, பேச்சில் இரண்டு. காந்தி என்ற பெயரும், ஒளி என்ற பொருளில் வரும் காந்தியும் அப்படியே.

ஆகவே கேட்பவரின் காது ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பாலையும் பாலையும் பிரிக்கிறது. அந்த ஏதோ ஒன்று எது?

குரல்வளை அதிர்வுதான் என்பது முதலில் தோன்றும் விடை. குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று அவற்றின் இடையே புகும்போது அவை ஆண்களில் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களில் சுமார் 200 முறையும் மூடித் திறக்கின்றன. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மடிப்புகளுக்குக் கீழே இருக்கும் அழுத்தம் மேலே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். உதட்டை இறுக்கி மூடிவிட்டால் காற்று வெளியே போக வழியில்லை. வாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது, மேலும் கீழும் சமமாகிறது, அதிர்வு அடங்குகிறது. அதிர்வோடு கூடிய அடைப்பொலியைச் சொல்வது உடலுக்கு எளிதான வேலையல்ல. கன்னம் சற்று விரிந்தும் குரல்வளை சற்றுக் கீழே இறங்கியும் இடம் கொடுத்தால்தான் அதிர்வு சில கணங்கள் தாக்குப்பிடிக்கும். உதட்டில் அடைத்தால் பின்னால் வாய் முழுவதும் காலியிடமாக இருக்கிறது. ‘சங்கு’ ககரத்துக்கோ அடைப்பு அண்ணத்தின் பின்பகுதியில் விழுவதால் இடம் மிகவும் குறுகல். ஜான் ஒஹாலா என்ற ஒலியியலாளர் இதை வைத்து உலக மொழிகளின் ஒரு வினோதத்தை விளக்கினார். தாய்லாந்து மொழியிலும் டச்சு மொழியிலும் ‘கம்பு’ பகரம் தனி ஒலியனாக இருக்கிறது, ‘சங்கு’ ககரம் மட்டும் இல்லை. ஒலிப்புடைத் தொடரில் ஓட்டை விழும்போது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

இவ்வளவு சிரமமானதை எல்லோரும் எப்போதும் செய்வதில்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் ‘பால்’ என்று பந்தைச் சொல்லும்போது, உதடு மூடியிருக்கும் நேரத்தில் பல சமயம் அதிர்வே இருப்பதில்லை. அளந்து பார்த்தால் அந்த இடம் வெறும் மௌனம். ஆனாலும் கேட்கும் ஆங்கிலேயருக்கு ஐயமே வருவதில்லை. ஆக, முதல் விடை போதாது.

இந்தப் புதிரை அவிழ்த்ததில் பெரும்பங்கு அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்துக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் கருவி ஒன்றை உருவாக்கும் முயற்சியில் அந்த ஆய்வகம் இறங்கியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி ஓசை என்று வைத்தார்கள். எவ்வளவு பழகினாலும் அந்த ஓசைகளை மெதுவாகத்தான் பின்தொடர முடிந்தது. பேச்சிலோ நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் சிரமமில்லாமல் உள்ளே போகின்றன. பேச்சில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. பிராங்க்ளின் கூப்பர் ஒரு இயந்திரம் செய்தார். ஒளி ஊடுருவும் பட்டையின் மேல் தூரிகையால் வெள்ளைக் கோடுகள் வரைந்து உள்ளே விட்டால், இயந்திரம் அந்தப் படத்தைப் பேச்சாக ஒலிக்கும். எந்தக் கோட்டை எவ்வளவு நகர்த்தினால் எந்த ஒலி எந்த ஒலியாக மாறுகிறது என்று வரைந்தே கண்டுபிடிக்கலாம். ஆல்வின் லிபர்மன், பியர் தெலாத்ர், கூப்பர் மூவரும் 1958இல் வெளியிட்ட முடிவு எளிமையானது. ‘கம்பு’ பகரத்தில் தொடங்கும் அசையில், மிகத் தாழ்ந்த அலைப்பட்டையின் தொடக்கத்தை மட்டும் கொஞ்சம் வெட்டித் தாமதப்படுத்தினால் அது ‘பல்’ பகரமாகக் கேட்கத் தொடங்குகிறது.

தாமதம் என்பதுதான் திறவுகோல். லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 1964இல் அதை ஒரு அளவையாகவே ஆக்கினார்கள். உதடோ நாக்கோ அடைப்பை விடுவிக்கும் கணத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல்வளை அதிர்வு அதற்கு எத்தனை மில்லி விநாடி முன்போ பின்போ தொடங்குகிறது என்பதே அந்த அளவு. அதற்கு ஒலிப்புத் தொடக்க நேரம் என்று பெயர். பதினொரு மொழிகளை அளந்தார்கள், அவற்றில் ஒன்று தமிழ். தமிழில் ஒலிப்புடை ஒலிகளுக்கு அதிர்வு, அடைப்பு விடுபடுவதற்கு 60 முதல் 80 மில்லி விநாடி முன்பே தொடங்கிவிடுகிறது. ஒலிப்பிலா ஒலிகளில் விடுபட்டுச் சுமார் 10 முதல் 25 மில்லி விநாடிக்குள் அதிர்வு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தின் கணக்கு வேறு. அங்கே ஒலிப்புடையதாகக் கருதப்படும் பகரம் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. ஒலிப்பிலாப் பகரத்தில் உதடு திறந்து கிட்டத்தட்ட 60 மில்லி விநாடி கழிந்த பிறகே அதிர்வு தொடங்குகிறது. அந்த இடைவெளியில் வெறும் மூச்சுக்காற்று வெளியேறுகிறது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழரின் ‘பல்’ பகரம் ஆங்கிலேயரின் ‘கம்பு’ பகரத்துக்குரிய இடத்தில் வந்து உட்காருகிறது. லண்டனில் ஒரு தமிழர் பூங்காவைக் குறிக்கும் ‘பார்க்’கைச் சொல்ல, கேட்பவர் நாய் குரைப்பதைக் குறிக்கும் ‘பார்க்’காகப் புரிந்துகொள்ள முடிவது இதனால்தான். சொன்னவர் வாயில் தவறில்லை, கேட்டவர் காதிலும் தவறில்லை. கோடு கிழித்த இடம்தான் வேறு. ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கும் ஆங்கிலத்தில் இதே இடர் நேர்கிறது, அவர்கள் பகரமும் நம்முடையதைப் போன்றதே. உச்சரிப்புப் பயிற்சி தருபவர்கள் ‘அழுத்திச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. அழுத்துவதால் பயனில்லை. உதடு திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட்டு, அதன் பின் குரலைத் தொடங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம், அதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

கோடு என்று ஏன் சொல்கிறேன்? லிஸ்கரும் ஆப்ராம்சனும் அதிர்வு 150 மில்லி விநாடி முன்னால் தொடங்குவதிலிருந்து 150 மில்லி விநாடி பின்னால் தொடங்குவதுவரை படிப்படியாக மாறும் செயற்கை அசைகளைச் செய்து ஆட்களுக்குக் கேட்கவைத்தார்கள். ஒலி சிறிது சிறிதாகத்தான் மாறுகிறது, கேட்பவர் தீர்ப்போ சட்டென்று மாறுகிறது. ஆங்கிலக் காதுக்கு உதட்டொலியில் 25 மில்லி விநாடி அருகே மாற்றம் நிகழ்கிறது. நாக்கு நுனி ஒலிக்கு அது 35 பக்கமும், ககரத்துக்கு 40க்குச் சற்று மேலும் போகிறது. தாய்லாந்துக் காது ஒரே வரிசையில் இரண்டு கோடுகள் போட்டு மூன்று ஒலிகளாகப் பிரித்துக் கேட்கிறது. கோட்டின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு ஒலிகளை வேறு என்று எவரும் சொல்லிவிடுகிறார்கள். அதே அளவு வேறுபாடு கோட்டின் ஒரே பக்கத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் அது கவனத்துக்கே வருவதில்லை. உளவியலில் இதற்கு வகைமுறைப் புலன்காட்சி என்று பெயர்.

இந்தக் கோட்டைப் போடுவது யார்? தாய்மொழியா, பிறவியா? பிரவுன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஐமஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் வைத்து 1971இல் இதைச் சோதித்தார்கள். குழந்தையின் வாயில் ஒரு சூப்பான். சப்பினால் ஒரு அசை ஒலிக்கும். ஒரே அசை திரும்பத் திரும்ப வந்தால் குழந்தைக்குச் சலித்துச் சப்புவது குறைந்துவிடும். அப்போது ஒலியை மாற்றுவார்கள். 20 மில்லி விநாடியிலிருந்து 40க்கு மாற்றியபோது குழந்தை மறுபடி உற்சாகமாகச் சப்பியது. கோட்டைத் தாண்டாமல் அதே 20 மில்லி விநாடி மாற்றியபோது அந்த உற்சாகம் இல்லை. ஒரு சொல்கூடப் பேசாத குழந்தை, பெரியவர்கள் கோடு போடும் இடத்திலேயே கோடு போடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. கேள்வி கேட்க முடியாத ஓர் உயிரிடம் கேள்வி கேட்டு விடை பெற்ற அழகு அதில் இருக்கிறது.

மனிதப் பிறவிக்கே உரிய பேச்சுத்திறன் இது என்று பலரும் மகிழ்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் பட்ரீசியா கூல், ஜேம்ஸ் மில்லர் இருவரும் சின்சில்லா என்ற தென்னமெரிக்கக் கொறிவிலங்குக்கு இதே போன்ற ஒலிகளைப் பழக்கினார்கள். வரிசையின் இரு முனை ஒலிகளை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு நடுவில் உள்ளவற்றைக் கேட்கவைத்தபோது, சின்சில்லா பிரித்த இடமும் ஆங்கிலம் பேசும் மனிதர் பிரித்த இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பாலூட்டிகளின் செவிக்கே இயல்பான ஒரு எல்லை அங்கே இருக்கிறது என்பது பொருத்தமான விளக்கம். இரண்டு ஓசைகளில் எது முந்தியது என்று சொல்ல நமக்கு அவற்றுக்கிடையே சுமார் 20 மில்லி விநாடி தேவை என்று அதற்கு முன்பே ஐரா ஹர்ஷ் அளந்து காட்டியிருந்தார். பேச்சு அந்த எல்லையைப் பயன்படுத்திக்கொண்டது. பின்னர் தாய்மொழி அதைத் தன் தேவைக்கேற்ப நகர்த்திவைக்கிறது. சுற்றிலும் பேசுகிறவர்கள் பயன்படுத்தாத வேறுபாடுகளில் பலவற்றுக்குக் குழந்தையின் காது முதல் வயது முடிவதற்குள் கூர்மையை இழக்கத் தொடங்குகிறது.

தமிழர் காதுக்கு ஒலிப்பு வேறுபாடு கேட்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ‘பாம்பு’வின் இரண்டாம் பகரத்தை யாராவது அதிர்வில்லாமல் சொன்னால் ‘இவர் பேச்சு ஏதோ மாதிரி இருக்கிறதே’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் உடனே திரும்பிப் பார்க்கும். ஒலியில் உள்ள வேறுபாடு நமக்குக் கேட்கிறது, அதைப் பொருள் வேறுபாடாக எண்ணுவதுதான் நம் மொழியின் பழைய வழக்கத்தில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ‘பாடு’, ‘பாட்டு’ என்ற இரண்டில் காது எதைப் பிடிக்கிறது? ஒன்றில் டகரம் குறுகியது, அதிர்வுள்ளது. மற்றதில் நீண்டது, அதிர்வற்றது. இரண்டு அடையாளமும் சேர்ந்தே வருகின்றன. தமிழ் வல்லினங்களின் அடிப்படை வேறுபாடு குறுமை நெடுமையா, ஒலிப்பு உண்டு இல்லையா என்பதையே தலைப்பாக வைத்து லிஸ்கர் 1958இல் ஒரு கட்டுரை எழுதினார். திராவிட மொழிகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் அவர். பேச்சுத் தெலுங்குக்கு ஒரு பாடநூலும் எழுதியிருக்கிறார்.

அடைப்பின் நீளம் ஆங்கிலத்திலும் வேலை செய்கிறது என்று அவர் அதற்கு முந்திய ஆண்டே காட்டியிருந்தார். ஆங்கிலத்தில் ‘விரைவான’ என்ற சொல்லும் ‘வெறிபிடித்த’ என்ற சொல்லும் நடுவில் உள்ள பகரத்தில் மட்டுமே வேறுபடுபவை. ஒலிப்பதிவில் உதடு மூடியிருக்கும் நேரத்தை மௌனமாக்கி, அந்த மௌனத்தை நீட்டினால் வெறிபிடித்தது விரைவானதாக மாறிவிடுகிறது. வேறெதையும் தொடவில்லை. இந்த ஒரே சொல்லிணையைப் பல ஆண்டுகள் துருவி, 1986இல் பதினாறு ஒலியியல் அடையாளங்களை அவர் பட்டியலிட்டார்.

பதினாறையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. முக்கியமானவை சில. ஆங்கிலத்தில் ஒலிப்புடை மெய்க்கு முன்னால் வரும் உயிர் நீள்கிறது. ஒரு சொல்லின் கடைசி மெய்யில் அதிர்வே இல்லாவிட்டாலும், முன்னிருக்கும் உயிரை நீட்டி மெய்யைக் குறுக்கினால் கேட்பவர் அதை ஒலிப்புடையது என்று சொல்வதை டெனஸ் என்ற ஆய்வாளர் 1955இல் காட்டினார். அடுத்தது சுருதி. ஒலிப்பிலா மெய்யை அடுத்து வரும் உயிர் சற்றே உயர்ந்த சுருதியில் தொடங்குகிறது, ஒலிப்புடை மெய்யை அடுத்தது சற்றே தாழ்ந்து தொடங்குகிறது. காது இதையும் குறித்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் என்று ஐயமான ஒலியை, சுருதியை மட்டும் மாற்றி ஒரு பக்கம் சாய்த்துவிடலாம். பஞ்சாயத்தில் ஒரு சாட்சி தடுமாறினால் அடுத்த சாட்சியின் சொல்லை எடுத்துக்கொள்வதுபோலக் காது நடந்துகொள்கிறது. கிசுகிசுத்துப் பேசும்போது குரல்வளை அதிர்வு அறவே இல்லை. அப்போதும் ஓரளவுக்கு இரண்டு பகரங்களையும் பிரித்துக் கேட்க முடிவது இதனால்தான்.

சுருதி என்ற அந்தச் சிறு சாட்சி சில மொழிகளில் முதன்மைச் சாட்சியாகவே ஆகிவிட்டது. பஞ்சாபியில் பழைய ஒலிப்புடை மூச்சொலிகள் தம் அதிர்வையும் மூச்சையும் இழந்தன, அவை இருந்த இடத்தில் தாழ்ந்த சுருதி நிலைத்துவிட்டது. இந்தியில் குதிரையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அதிர்வும் மூச்சும் கலந்த ககரம். பஞ்சாபியில் அதுவே சாதாரணக் ‘கல்’ ககரமாகி, அடுத்த உயிர் தாழ்சுருதியில் ஒலிக்கிறது. வியட்நாமிய மொழியின் சுருதிகளில் ஒரு பகுதி இப்படித் தோன்றியது என்று ஓத்ரிகூர் என்ற மொழியியலாளர் 1954இல் வாதிட்டார், இன்று அது பரவலாக ஏற்கப்படுகிறது. சியோல் நகரத்து இளைஞர்களின் கொரிய மொழியில் இந்த மாற்றம் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மூச்சின் நீளத்தால் பிரிந்த இரண்டு ஒலிகள் அங்கே சுருதியால் பிரியத் தொடங்கியிருக்கின்றன.

சாட்சி காது வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. கனடாவில் பிரையன் கிக், டொனால்ட் டெரிக் இருவரும் 2009இல் செய்த பரிசோதனையில், இரைச்சல் நடுவே அசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கையிலும் கழுத்திலும் காதுக்குக் கேட்காத மெல்லிய காற்றை ஊதினார்கள். காற்று தோலில் பட்ட சமயத்தில் மூச்சோடு கூடிய பகரம் கேட்டதாக அவர்கள் அதிகமாகச் சொன்னார்கள். மூச்சொலி எழுப்புபவரின் வாயிலிருந்து காற்று வரும் என்பது உடலுக்குத் தெரிந்திருக்கிறது.

பொருளும் தீர்ப்பில் கை வைக்கிறது. ஐயத்துக்கிடமான ஒலியை, ஒரு பக்கம் எடுத்தால் மட்டும் உண்மையான சொல் கிடைக்கும்படியான இடத்தில் வைத்தால், கேட்பவர் சொல் கிடைக்கும் பக்கமே சாய்கிறார். வில்லியம் கானொங் 1980இல் இதைக் காட்டினார். பேச்சு வேகமும் அப்படியே. வேகமாகப் பேசும் வாக்கியத்தில் கோடு முன்னே நகர்கிறது, நிதானமான பேச்சில் பின்னே தள்ளிப் போகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கோட்டுக்கு ஒரு பக்கம் கறுப்பு மறுபக்கம் வெள்ளை என்ற பழைய சித்திரத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். பாப் மெக்மரேயும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். திரையில் கரடியின் படமும் பேரிக்காயின் படமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் பகரம் மட்டும்தான். கேட்டவர் சரியான படத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் ஒலி கோட்டை நெருங்க நெருங்க, கண் மற்றப் படத்தின் பக்கம் கூடுதலாகப் போய்வருகிறது. வாய் ஒரே விடையைச் சொல்கிறது, மனமோ சில மில்லி விநாடி வேறுபாட்டைக்கூடத் தொலைக்காமல் வைத்திருக்கிறது. பின்னால் வரும் சொற்களைக் கேட்டுத் தீர்ப்பைத் திருத்த வேண்டியிருந்தால் அந்தச் சேமிப்பு உதவும்.

இரைச்சலில் இந்த வேறுபாடு எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா நைஸ்லி இருவரும் 1955இல் ஆங்கிலத்தின் பதினாறு மெய்களை இரைச்சலில் கலந்து கேட்கவைத்தார்கள். ஒலி உதட்டில் பிறந்ததா, நாக்கு நுனியிலா, பின்னண்ணத்திலா என்பது எளிதில் குழம்பிவிட்டது. பேச்சு இரைச்சலைவிட 12 டெசிபல் தாழ்ந்திருந்த நிலையிலும் ஒலிப்பு வேறுபாட்டைப் பிரிக்க முடிந்தது. உதட்டைப் பார்ப்பவருக்கு நிலைமை நேர்மாறானது. உதட்டிலா நாக்கிலா என்பது கண்ணுக்குத் தெரியும். ‘பல்’ பகரமும் ‘கம்பு’ பகரமும் மகரமும் கண்ணுக்கு ஒன்றேதான், ஏனென்றால் குரல்வளை வெளியே தெரிவதில்லை. கண் தராததைக் காது தருகிறது, காது தவறவிடுவதைக் கண் பிடிக்கிறது. காது மந்தமாகிவரும் பெரியவர்கள் தொலைபேசியில் தடுமாறி, முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் நன்றாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சம் எதிரில் இருப்பவர் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுவது செலவில்லாத உதவி.

ராபர்ட் ஷானனும் குழுவினரும் 1995இல் பேச்சின் நுண்விவரங்களையெல்லாம் அழித்து, சில இரைச்சல் பட்டைகளின் ஏற்ற இறக்கமாக மட்டும் அதைச் சுருக்கினார்கள். இரண்டே பட்டைகள் இருந்தபோதும் கேட்டவர்கள் ஒலிப்பு வேறுபாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். எந்த இடத்தில் பிறந்த ஒலி என்பதற்குத்தான் கூடுதல் பட்டைகள் வேண்டியிருந்தன. செவிச்சுருள் உள்வைப்பு பொருத்திக்கொண்டவருக்கு அந்தக் கருவி தருவதும் ஏறத்தாழ இத்தகைய சுருக்கிய பேச்சுதான். சில மின்முனைகளே இருந்தாலும் எப்போது மௌனம், எப்போது மூச்சு, எப்போது குரல் என்ற கால ஒழுங்கை அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குச் சிறு வயதில் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியாளர் எதிரில் அமர்ந்து ‘பால்’, ‘பால்’ என்று இரண்டு விதமாகச் சொல்லிக் காட்டும்போது, உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி அசைகிறது. வேறுபாடு முழுவதும் மின்முனை வழியாகவே அந்தக் குழந்தைக்குள் போகிறது.